திரையில் நகராத எண்

தருமபுரியில் என் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து கெர்னல் நிரல் எழுதுகிறேன். ஒரு கணினியில் ஓடும் மற்ற எல்லா நிரல்களுக்கும் அடியில் இருந்து, நினைவகத்தையும் கருவிகளையும் அவற்றுக்குப் பங்கிட்டுக் கொடுப்பதுதான் கெர்னல். திரையில் தெரியும் எதையும் நான் எழுதுவதில்லை. என்ன வேலை என்று கேட்கும் சொந்தக்காரர்களுக்குக் காட்ட என்னிடம் ஒன்றும் இருந்ததில்லை. "வூட்டுல இருந்தே கம்ப்யூட்டர் வேலைங்க" என்று என் மாமியார் சொல்லிவிடுவார். பேச்சு அதோடு முடிந்துவிடும்.

நிறுவனம் பெங்களூரில் இருக்கிறது. சிறியது. பால் குளிரூட்டும் தொட்டிகளுக்குக் கட்டுப்பாட்டுப் பெட்டி செய்கிறோம். தொட்டிக்குள் இருக்கும் சென்சார் பாலின் சூட்டை அளக்கும். சூடு கூடினால் பெட்டி கம்ப்ரஸரை ஓடவிடும், குறைந்தால் நிறுத்தும். அந்தப் பெட்டிக்குள் ஓடும் லினக்ஸ் கெர்னலும், அதில் சென்சாரோடு பேசும் டிரைவர் என்ற பகுதியும் என் பொறுப்பு. பெட்டிகள் எங்கெங்கோ போயின. அவற்றில் ஒன்றைக்கூட வேலை செய்யும் இடத்தில் நான் பார்த்ததில்லை.

பென்னாகரத்துக்கு அப்பால் ஒரு கிராமத்தில் இருந்த பால் நிலையத்திலிருந்து புகார் வந்தது. பெட்டி அடிக்கடி தானாக அணைந்து மறுபடி தொடங்குகிறது என்றார்கள். அப்படி அணையும்போது பெட்டி சேமித்த பதிவை மேலாளர் எனக்கு அனுப்பினார். தப்பான பாயிண்டர் ஒன்றைப் பின்தொடர்ந்து போய்க் கெர்னல் செயலிழந்து விழுந்திருந்தது.

நினைவகத்தில் ஒரு பொருள் எந்த இடத்தில் இருக்கிறது என்று சொல்லும் முகவரிதான் பாயிண்டர். சாதாரண நிரல் ஒன்று கெர்னலிடம் தப்பான முகவரியைக் கொடுத்தால் ஆபத்தில்லை. கெர்னல் அந்த இடத்தைத் தொட்டுப் பார்க்கும். முடியவில்லை என்றால் பிழை என்று திருப்பிச் சொல்லிவிடும். நஷ்டம் அந்த நிரலோடு போகும். ஆனால் கெர்னல் தனக்குள் வைத்திருக்கும் முகவரியே தப்பாக இருக்க அதை நம்பிப் போனால், தாங்கிக்கொள்ள அதற்கு அடியில் யாரும் இல்லை. எங்கள் பெட்டியில் அப்படி நடந்தால் எல்லாவற்றையும் நிறுத்தி முதலிலிருந்து தொடங்கும்படி வைத்திருந்தோம்.

காரணம் சீக்கிரமே புரிந்தது. சென்சாரைத் தேடும் பகுதி, சென்சார் கிடைத்தால் அதன் முகவரியைத் தரும். கிடைக்காவிட்டால் "கருவி இல்லை" என்ற பிழை எண்ணையே முகவரி போல மாற்றித் தரும். சென்சார் விற்றவர்கள் எழுதிக் கொடுத்த டிரைவரோ, வந்தது பூஜ்யமா, அதாவது முகவரியே இல்லையா, என்று மட்டும்தான் பார்த்தது. பிழை எண் பூஜ்யமில்லை. அதனால் நல்ல முகவரிதான் என்று எடுத்துக்கொண்டு உள்ளே போயிருந்தது. சென்சார் ஏன் அத்தனை முறை காணாமல் போகிறது என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. பெங்களூர் அலுவலக மேஜையில் வைத்துச் சோதித்தபோது அது ஒரு தடவைகூடக் காணாமல் போனதில்லை.

மேலாளர் எனக்கு முன்பே ஒரு திருத்தம் எழுதிவிட்டார். முகவரி சரியில்லை என்று தெரிந்தால் அதைத் தொடாமல், கடைசியாக அளந்த எண்ணையே திருப்பித் தர வேண்டும். அவ்வளவுதான். பெட்டி விழாது. அதைச் சரிபார்த்து ஒப்புதல் தரச் சொன்னார். எனக்கு மனசு ஒப்பவில்லை. இல்லாத சென்சார் ஒன்று அளந்துகொண்டே இருப்பதாகக் கெர்னல் மேலே சொல்லிக்கொண்டிருக்கும் என்று போனில் சொன்னேன். சில நொடிகள்தானே, பிறகு சென்சார் திரும்பிவிடும் என்றார் அவர். திறமைசாலி, நல்ல மனுஷர். வாடிக்கையாளரின் கோபத்தை முதலில் வாங்குகிறவரும் அவர்தான். கடைசியில், நீங்கள் பக்கத்தில்தானே இருக்கிறீர்கள், நேரில் போய் என் திருத்தத்தைப் போட்டு, கூடவே நின்று பாருங்கள் என்றார். அது நியாயமாகத்தான் பட்டது.

மறுநாள் மதியம் பென்னாகரம் பஸ் ஏறினேன்.

நிலையத்தைப் பார்த்துக்கொள்கிறவர் என்னைவிடக் கொஞ்சம் மூத்த ஒரு பெண். கணவருக்கு ஒகேனக்கல் பக்கம் கடை, இவர் இங்கே என்று பேச்சில் தெரிந்தது. சிமெண்ட் ஷீட் போட்ட கட்டடத்துக்குள் தொட்டி பளபளவென்று இருந்தது. தரை கழுவி ஈரம் காயவில்லை. சுவரில் எங்கள் பெட்டி. அதன் மேல் யாரோ மஞ்சள் குங்குமம் வைத்திருந்தார்கள். நான் எழுதியது ஓடிக்கொண்டிருக்கும் இடத்தை முதல்முறையாக அப்போதுதான் பார்த்தேன். அதைச் சொல்லலாமா என்று நினைத்து, சொல்லாமல் விட்டேன்.

சாயங்காலப் பால் வர ஆரம்பித்ததும் கரண்ட் போனது. அந்த அக்கா வெளியே போய் ஜெனரேட்டரைப் போட்டார். விளக்குகள் வந்தன. பெட்டியின் திரை ஒரு கணம் 4.1 டிகிரி என்று காட்டிவிட்டுக் கறுத்தது. அலுவலக மேஜையில் சீரான மின்சாரத்தில் ஒருபோதும் நடக்காதது இங்கே தினமும் நடந்துகொண்டிருந்தது. மின்சாரம் மாறும் குலுக்கலில் பெட்டி தன் பேட்டரியில் தாக்குப்பிடித்தது, சென்சார்தான் தொடர்பறுந்து விழுந்தது.

பெட்டி முழுதாக எழுந்து வந்த பிறகும் கம்ப்ரஸர் உடனே ஓடாது. அதன் மோட்டார் கெடாமல் இருக்கக் கொஞ்ச நேரம் காத்திருக்கும்படி நாங்கள்தான் வைத்திருந்தோம். அதுவரை தொட்டியில் பாலை ஊற்ற முடியாது. வாசலில் கேன்களோடு பெண்கள் நின்றார்கள். மாட்டுக்குத் தண்ணி காட்டணும், பிள்ளை தனியாக இருக்கிறது என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். கோபமெல்லாம் அந்த அக்காவின் மேல்தான். அவர் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

சந்தேகம் வந்தால் நிறுத்திவிடுவதே பாதுகாப்பு என்று நானும் படித்தவள்தான், எழுதியவள்தான். அந்த வாசலில் நின்றபோது அதை அவ்வளவு உறுதியாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

கூட்டம் குறைந்ததும், இது சோதனை, நான் பக்கத்திலேயே இருப்பேன் என்று சொல்லி அவர் அனுமதியோடு மேலாளரின் திருத்தத்தைப் பெட்டியில் ஏற்றினேன். கரண்ட் திரும்பி வந்து, ஜெனரேட்டரிலிருந்து அதற்கு மாறியது. திரை கறுக்கவில்லை. 4.1. அக்காவுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. டீ வாங்கி வரச் சொல்லி, எனக்கு ஸ்டூல் போட்டு உட்காரவைத்தார். மேலாளரைக் கூப்பிட்டு, சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிடலாம் என்று போனைக் கையில் எடுத்தேன்.

அப்போது கடைசியாக வந்த இருவர் பாலை ஊற்றினார்கள். கறந்த சூடு ஆறாத பால், நான்கைந்து கேன். அது விழுந்தால் எண் கொஞ்சமாவது ஏற வேண்டும். திரையில் 4.1 அப்படியே நின்றது. கொஞ்சம் பொறுத்துப் பார்த்தேன். நகரவில்லை.

"அக்கா, பால்ல வெச்சிப் பாக்கற தெர்மாமீட்டர் இருக்குதுங்களா?"

அவர் அலமாரியிலிருந்து எடுத்து வந்து, தொட்டி மூடியைத் தூக்கி உள்ளே விட்டார். பார்த்தார். துடைத்துவிட்டு மறுபடியும் விட்டுப் பார்த்தார்.

"ஒம்பது காட்டுதுங்களே மேடம்."

கம்ப்ரஸர் சத்தமே இல்லாமல் இருந்தது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பெட்டி 4.1 என்று நம்பிக்கொண்டிருந்தது. குளிர்ந்த பாலுக்கு எதற்குக் கம்ப்ரஸர் என்று விட்டுவிட்டது. சென்சார் சில நொடிகளில் திரும்பவும் இல்லை. முன்பெல்லாம் பெட்டி விழுந்து எழும்போது சென்சாரைப் புதிதாகத் தேடியது. இப்போது விழாததால் தேடவே இல்லை. அக்கா சுவிட்சை மேனுவலுக்குத் திருப்பினார். கம்ப்ரஸர் உறுமிக்கொண்டு ஓடத் தொடங்கியது. பாலுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் நான் அங்கே இல்லாமல், மேஜையில் உட்கார்ந்து ஒப்புதல் மட்டும் கொடுத்திருந்தால் அத்தனை பாலும் கெட்டிருக்கும். பழைய நிரலையே திரும்ப ஏற்றிவிட்டு ஊருக்குப் பஸ் ஏறினேன்.

என் திருத்தத்தை அடுத்த இரண்டு நாட்களில் எழுதினேன். தேடும் பகுதி பிழையைத் தந்தால் டிரைவர் அதைத் தொடாது. பிழையைப் பிழையாகவே மேலே அனுப்பும். சென்சாரைக் கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை தேடிக்கொண்டே இருக்கும். மேலே இருக்கும் நிரல், எண்ணுக்குப் பதிலாகத் திரையில் மூன்று கோடு காட்டும். அளவு தெரியாத நேரத்தில் கம்ப்ரஸர் கொஞ்ச நேரம் ஓடும், கொஞ்ச நேரம் ஓயும். விழுவதும் இல்லை, பொய்யும் இல்லை. எனக்குத் திருப்தியாக இருந்தது. தெர்மாமீட்டர் சொன்ன கதையைக் கேட்டபின் மேலாளரும் மறுக்கவில்லை. நானே போய் ஏற்றிவிட்டு வந்தேன்.

அந்த வாரமே அக்கா போன் செய்தார். குரலில் பழைய மலர்ச்சி இல்லை. நேரில் வர முடியுமா என்று கேட்டார். போனேன்.

நடந்தது இதுதான். சென்சார் விழுந்திருந்த நேரம் பார்த்து, பாலை எடுத்துப்போகும் டேங்கர் லாரி வந்திருக்கிறது. திரையில் மூன்று கோட்டைப் பார்த்த லாரி ஓட்டுநர், மெஷின் கெட்டுக் கிடக்கிறது, பாலை ஏற்ற மாட்டேன் என்று சொல்லியிருக்கிறார். அக்கா மேலதிகாரிகளுக்குப் போன் போட்டுப் பேசி, கெஞ்சி, ஏற்றி அனுப்பியிருக்கிறார். பால் ஊற்ற வந்தவர்கள் அதைப் பார்த்திருக்கிறார்கள். இவர்தான் எதையோ மறைக்க எண்ணை அணைத்துவைத்தார் என்று பேச்சுக் கிளம்பியிருக்கிறது.

"மெஷினு தெரியலன்னு சொல்லிட்டு சும்மா இருந்துக்குது மேடம்," என்றார். "அதுக்கு முன்னால நிக்கிறது நானுங்க. என்னையதான கேக்கறாங்க?"

நான் பதிலுக்கு, பொய்யான எண் காட்டுவதைவிட இது மேல் இல்லையா என்று கேட்டேன். சரியான கேள்வி என்றுதான் நினைத்தேன்.

"மேல்தானுங்க. நான் இல்லீன்னா சொன்னன்? ஆனா என்ன தெரியல, எதனால தெரியலன்னு அதுவே சொன்னா ஆவாதா? கோடு போட்டு வெச்சா யாருக்குங்க புரியும்?"

கெர்னலுக்குள் பிழைக்கு ஒரு எண் இருக்கிறது; கருவி இல்லை என்றால் ஒன்று, பதில் வரவில்லை என்றால் வேறொன்று. அதை அக்கறையாக மேலே அனுப்பிவிட்டு, கடைசியில் மனிதர் பார்க்கும் இடத்தில் அதையெல்லாம் மூன்று கோடாகத் துடைத்திருந்தோம். பிழையைச் சரியாகக் கையாண்டுவிட்டேன் என்று நான் நிறுத்திக்கொண்ட இடம் அவருக்குத் தொல்லை தொடங்கிய இடமாக இருந்தது.

அன்றைக்கு அந்த ஸ்டூலிலேயே மடிக்கணினியை வைத்துக்கொண்டு இருவரும் வாசகத்தை எழுதினோம். என் முதல் வாசகத்தில் "வெப்பநிலை உணரி" என்று இருந்தது. அவர் சிரித்துவிட்டார். இங்கே எல்லோரும் சென்சார் என்றுதான் சொல்கிறார்கள் என்றார். கடைசியில் இப்படி வந்தது: "சென்சார் தொடர்பு இல்லை. கடைசி அளவு 4.1, மாலை 5.40. கம்ப்ரஸர் ஓடுகிறது. தெர்மாமீட்டரில் பார்க்கவும்." கம்ப்ரஸர் ஓடுகிறது என்ற வரி அவர் சேர்த்தது. அதுதான் பால் ஊற்றுகிறவர்களுக்கு வேண்டியது, மற்றதெல்லாம் டேங்கர்காரருக்கு என்றார். லாரி ஓட்டுநர் முன்னாலேயே தெர்மாமீட்டரை விட்டுக் காட்டிவிடுவதாகவும் சொன்னார்.

பேச்சுவாக்கில், இந்தப் பெட்டிக்குள் ஓடுவதை எழுதியது நான்தான் என்று அவரிடம் சொன்னேன். அவர் சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நீதானா அது," என்றார். அதன் பிறகு அவர் என்னை மேடம் என்று கூப்பிடவில்லை.

மேலாளருக்கு இவ்வளவு வாசகம் பிடிக்கவில்லை. குறையை நாமே தமிழில் எழுதி ஒட்டுவது போல இருக்கிறது என்றார். அதே நிரல் போன வேறு இரண்டு நிலையங்கள் அந்த வாசகத்தை எடுத்துவிடும்படி கேட்டதாகவும் சொன்னார். நாங்கள் அதைப் பற்றி ஒரு வாரம் போல வாதாடினோம். நான் ஒன்பது காட்டிய தெர்மாமீட்டரை மறுபடி மறுபடி சொன்னேன். அவருக்கும் சலித்துவிட்டது. ஒருநாள் அவரே கூப்பிட்டார். மூன்றாவதாக ஒரு நிலையத்துக்காரர் மறைக்கச் சொன்னாராம். மறைக்க மாட்டோம், சென்சார் கேபிளை மாற்றித் தருகிறோம் என்று சொல்லிவிட்டதாகச் சொன்னார். அதைப் பெரிதாக எடுத்துச் சொல்லவில்லை. அடுத்த வேலைக்குப் போய்விட்டார்.

மின் குலுக்கலைத் தாங்கும் கேபிளாக எல்லா இடத்திலும் மாற்றினோம். சென்சார் விழுவது வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆனாலும் எப்போதாவது விழுகிறது. விழுந்தால் பெட்டி சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கிறது. அந்த டிரைவரில் நான் மாற்றியது ஏழெட்டு வரிகூட இருக்காது. மற்ற டிரைவர்களையும் திறந்து, பூஜ்யமா என்று மட்டும் கேட்கும் இடங்களைத் தேடிக்கொண்டிருக்கிறேன். கிடைத்துக்கொண்டேதான் இருக்கின்றன.

போன மாதம் அக்கா போன் செய்தார். மழை இல்லை, தீவனம் கிடைக்கவில்லை என்று கொஞ்ச நேரம் பேசினார். என் மகளை விசாரித்தார். பிறகு, திரையில் எழுத்து சின்னதாக இருக்கிறது, வயசானவர்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறார்கள், கொஞ்சம் பெரிசாக்க முடியுமா என்று கேட்டார். அது என் பகுதி இல்லை, திரையை எழுதுகிறவர் வேறு என்று சொல்ல வாய் திறந்தேன். சரிக்கா, பார்க்கிறேன் என்று சொன்னேன்.