வானத்துக்கு ஒரு சினை ஊசி

டாக்டரம்மா அலுமினியக் குடுவையின் மூடியைத் தூக்கியதும் வெள்ளைப் புகை வழிந்து அவர் செருப்புவரை இறங்கியது. உறைந்த விந்துக் குச்சி ஒன்றை இடுக்கியால் எடுத்துக்கொண்டு எங்கள் பசுவிடம் போனார். நான் குடுவையையே பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே இருப்பது மைனஸ் 196 டிகிரிக் குளிரில் கிடக்கும் திரவ நைட்ரஜன். திண்டுக்கல் முழுக்கத் தேடியும் எனக்குக் கிடைக்காத பொருள், தாடிக்கொம்புப் பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் மாட்டுக்குச் சினை ஊசி போடுவதற்காக இருக்கிறது.

அப்போது நான் இயற்பியல் முதுகலை கடைசி ஆண்டு. காற்றிலுள்ள நீராவி மைக்ரோவேவ் அலைகளை எவ்வளவு விழுங்குகிறது என்று அளப்பது என் புராஜெக்ட். அலையை விழுங்கும் பொருள் அதே அலையில் மெலிதாக ஒளிரவும் செய்யும். மொட்டைமாடியில் வைத்த என் டிஷ் ஆன்டெனா அதைப் பிடித்து ஓர் எண்ணாகக் காட்டியது. அந்த எண் எத்தனை டிகிரிக்குச் சமம் என்று சொல்ல, வெப்பநிலை தெரிந்த சூடான பொருள் ஒன்றும் குளிர்ந்த பொருள் ஒன்றும் வேண்டும். சூட்டுக்கு, வெளிக்காற்றின் வெப்பத்திலேயே இருக்கும் கரி ஏற்றிய கறுப்பு ஸ்பாஞ்சு போதும். குளிருக்கு அதே ஸ்பாஞ்சை நைட்ரஜனில் முக்க வேண்டும்.

டாக்டரம்மாவிடம் கொஞ்சம் நைட்ரஜன் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "மாட்டுக்குச் சினை நிக்கலைன்னா ஊர்க்காரக உன்னையத்தான் தேடி வருவாக, அப்பு," என்றார். ஆனால் புதுக் குடுவை வந்த அன்று அவரே போன் செய்தார். "பழைய குடுவை அடியில கொஞ்சம் கெடக்கு. நாளைக்குள்ள அதுவா காத்தாப் போயிரும். வந்து எடுத்துக்க."

மருந்தகத்தின் பின்பக்கம் தெர்மகோல் பெட்டியில் நைட்ரஜனை ஊற்றி, ஸ்பாஞ்சை முக்கி, தெர்மகோல் மூடியால் மூடினேன். மைக்ரோவேவுக்கு அந்த மூடி ஜன்னல் கண்ணாடி மாதிரி, தடுக்காமல் உள்ளே விட்டுவிடும். மாடி டிஷ்ஷிலிருந்து ரிசீவரை மட்டும் கழற்றிக் கொண்டுவந்திருந்தேன்; அதைப் பெட்டிக்கு மேலே தலைகீழாகத் தொங்கவிட்டேன். கன்றுக்குட்டியோடு நின்றிருந்த விவசாயி ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, வானத்துக்குமா சினை ஊசி போடுறீக?"

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "ஆமாண்ணே. மழை பொறக்குதான்னு பாப்போம்."

எண் சரசரவென்று இறங்கியது. நின்றுவிடும் என்று பார்த்தால், மெல்ல ஏறத் தொடங்கியது. நைட்ரஜன் சூடேறியிருக்க வழியில்லை. டாக்டரம்மா மூடியில் விரலை வைத்துத் தடவிக் காட்டினார். ஈரம்.

"நீ அளக்க வந்த சாமான் இங்கன வந்து உக்காந்திருக்கு, பாரு."

காற்றின் நீராவிதான் குளிர்ந்த மூடிமேல் பனித்துளியாகப் படிந்து, என் கணக்கைக் கெடுத்திருந்தது. துடைத்து மீண்டும் வைப்பதற்குள் பெட்டியில் நைட்ரஜன் இல்லை. மாடியில் இரவும் பகலும் எடுத்த அளவுகள் வெறும் எண்களாகவே நின்றன. கருவி செய்ததற்கு மட்டும் மதிப்பெண் கிடைத்தது. முடிவுகள் என்ற அத்தியாயம் அரைப் பக்கத்தோடு முடிந்தது.

இப்போது நான் டியூஷன் சென்டரில் பாடம் எடுக்கிறேன். டாக்டரம்மா மாற்றலாகி நத்தம் பக்கம் போய்விட்டார். எப்போது பேசினாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "என்ன அப்பு, சினை நின்னுச்சா?"

"இன்னும் இல்லம்மா."

அங்கேயும் ஒரு குடுவையை மாற்றப்போகிறார்களாம். வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். காற்றில் ஈரம் குறைந்த பங்குனி மாதம். மூடிமேல் பனி படியாமல் வீசிக்கொண்டேயிருக்க பழைய ரிசீவரோடு ஒரு டேபிள் ஃபேனும் எடுத்துப் போகிறேன். குடுவை திறந்ததும் இந்த முறையும் புகை வழியும். நான் எண்ணை மட்டும்தான் பார்க்கப்போகிறேன்.