கம்பு தரையில் படாமல்

என் வீட்டுக்காரர் ஸ்தனிஸ்லாஸ் பிடிவாதக்காரர். அறுபத்தொன்பது வயதிலாவது அது குறையும் என்று நம்பினேன். எங்கே குறைகிறது?

திருவெறும்பூரில் எங்கள் மாதா கோயிலிலிருந்து ஒவ்வொரு ஆகஸ்ட் கடைசியிலும் வேளாங்கண்ணிக்கு நடந்து போவார்கள். முன்னால் மாதா கொடி போகும். இருபத்திரண்டு வருஷமாக அதைத் தூக்குகிறவர் இவர்தான். கோயில் வாசலில் முழந்தாளிட்டு, ஃபாதர் கையிலிருந்து கொடிக்கம்பை இரண்டு கையாலும் வாங்கி, அப்படியே எழ வேண்டும். கம்பு தரையில் படக் கூடாது. யார் வைத்த முறையோ, அதை ஒருவரும் மீறியதில்லை. போன வருஷம் இவர் மீறினார். எழ முடியாமல் கம்பை ஊன்றிவிட்டார். அத்தனை பேரும் பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி நின்றார்கள். எனக்கு அந்த இடத்திலேயே அழுகை வந்துவிட்டது.

அப்புறம், கொடியை இனி ஆசீரிடம் கொடுக்கலாம் என்று பேச்சு வந்தது. ஆசீர் கோயிலில் பாடுகிறவன், முப்பது வயது, நல்ல பிள்ளை. இவருக்கு அவனைக் கண்டாலே ஆகாமல் போனது.

"இன்னும் ஒரு வருசம் நான் தூக்குறேன் ரோசரி. கம்ப ஊணாம எந்திரிச்சுக் காட்டிட்டு, அப்புறம் யார்கிட்ட வேணா குடுக்கட்டும்" என்றார்.

அன்றிலிருந்து காலை ஆறு மணிக்கு நடை. எங்கே? தஞ்சாவூர் ரோட்டில். தொழிற்சாலையில் முப்பத்தைந்து வருஷம் ஃபிட்டராக இருந்தவர். முதல் ஷிஃப்ட் நேரத்தில் அந்த ரோட்டில் இல்லாவிட்டால் இவருக்குச் சோறு இறங்காது. பஸ்களுக்கும் லாரிகளுக்கும் பக்கத்தில் கையை வீசிக்கொண்டு போவார். ஷிஃப்ட் பஸ்ஸிலிருந்து யாராவது "அண்ணே!" என்று கை காட்டினால் அன்று முழுக்க அதே பேச்சுதான். வேளாங்கண்ணிக்குப் போகிற ரோடும் அதுதானே, அங்கேயே பழக வேண்டுமாம். வீட்டுக்கு வந்து மூக்கைச் சிந்தினால் கைக்குட்டை கறுப்பாக இருக்கும். துவைக்கிறவள் நான், எனக்குத் தெரியாதா?

மூன்று கிலோமீட்டர் ஐந்தானது, ஐந்து ஏழானது. ஆனால் ஜூன் மாதம் ஒரு ஞாயிறு பூசையில் முழந்தாளிட்டவர், முன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டும் எழ முடியாமல் தடுமாறினார். "நடை பத்தல" என்றார். இன்னும் இரண்டு கிலோமீட்டர் கூட்டப் போகிறாராம். அட என்ன மனுஷரய்யா இவர் என்று டாக்டர் இன்ஷாவிடம் இழுத்துக்கொண்டு போனேன்.

அந்தப் பெண் இவரை நாற்காலியில் உட்கார வைத்து, கைகளை மார்பில் கட்டச் சொல்லி, அரை நிமிஷத்தில் எத்தனை தடவை எழுந்து உட்காருகிறார் என்று எண்ணினாள். ஆறு. மூச்சு இரைத்தது.

"தினம் ஏழு கிலோமீட்டர் நடக்கிறவருக்கு ஆறுதானா? எங்க நடக்கிறீங்க ஐயா?"

இவர் பெருமையாகத் தஞ்சாவூர் ரோட்டைச் சொன்னார். டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"வேகமா நடக்கும்போது மூச்ச ஆழமா இழுப்போம். அந்த ரோட்டுல, அந்த நேரத்துல இழுத்தா புகையும் தூசியும்தான் உள்ள போகும். நடையால வர்ற நல்லத அது தின்னுடும். நடைய விட்டுடாதீங்க, எடத்த மாத்துங்க. அதோட, எந்திரிக்கணும்னா எந்திரிச்சுப் பழகணும். நடந்தா மட்டும் தொடைக்கு வலு வந்துடாது."

மறுநாளிலிருந்து நடை வாய்க்கால் கரைக்கு மாறியது. அங்கே யாரும் "அண்ணே" என்று கை காட்டுவதில்லை. முதல் வாரம் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு நடந்தார். நானும் கூடப் போனேன், வேறு வழி? திரும்பி வந்ததும் சமையலறையில் நாற்காலி. நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டே எண்ணுவேன். "ஒண்ணு... ரெண்டு... ஏங்க, அது அரைதான், செல்லாது!" ஜூலையில் ஒன்பது வந்தது, ஆகஸ்டில் பதினொன்று. கைக்குட்டையும் வெளுத்தது. ஆனால் முழந்தாளிலிருந்து எழுவது மட்டும் ஒரு நாள் வரும், ஒரு நாள் வராது.

கிளம்புகிற அன்று கோயில் வாசல் கொள்ளாத கூட்டம். முழந்தாளிட்டார். ஃபாதர் நீட்டிய கொடியை இரண்டு கையாலும் வாங்கினார். வலது பாதத்தை முன்னால் வைத்தார். அவ்வளவுதான், அதற்கு மேல் அசைவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது. கம்பு சாய்ந்தது. ஆசீர் ஓடிவரப் பார்த்தான், நான் அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினேன். அந்த அமைதியில் என் வாய் தன்னால் கத்தியது: "ஒண்ணு!"

எழுந்துவிட்டார். கம்பு தரையில் படவில்லை. எனக்கு வெட்கம் ஒரு பக்கம், சந்தோஷம் ஒரு பக்கம், கண்ணீர் நிற்கவே இல்லை.

தெருவைத் தாண்டி தஞ்சாவூர் ரோடு வரைக்கும் கொடியைத் தூக்கிக்கொண்டு போனார். ரோட்டில் பஸ்கள் உறுமிக்கொண்டிருந்தன. அங்கே நின்று ஆசீரைக் கூப்பிட்டார்.

"இந்தாப்பா, பிடி. இங்கேருந்து நீ தூக்கு."

"ஏன் மாமா? வேளாங்கண்ணி வரைக்கும் நீங்கதானே?"

"இந்தப் புகையில அஞ்சு நாள் நடந்துட்டா, அடுத்த வருசம் கொடிய வாங்கி எந்திரிக்கிறது யாரு?"

கொடி கண்ணை விட்டு மறையும்வரை இவர் அசையவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அது இவர் இல்லாமல் போகிறது. அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"ஒண்ணுதானே எண்ணுன? வா, வீட்டுக்குப் போயி மிச்சம் பத்தையும் எண்ணு."