மாமியார் செயினும் என் வீங்கிய கன்னமும்

எண்பதுகளின் கடைசியில், ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ் ஏறி ராஜபாளையத்தில் ஒரு பஞ்சாலைக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். பொதியைப் பிரித்துப் பஞ்சை மெஷினுக்குள் போடும் ப்ளோ ரூமில் வேலை. அந்த மாதம் லீவே போடாவிட்டால் பெர்மனன்ட் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். அந்த மாதக் கடைசியிலா எனக்குப் பொன்னுக்கு வீங்கி வரவேண்டும்!

இரண்டு கன்னமும் பணியாரமாக உப்பிவிட்டன. காய்ச்சல் வேறு.

"இந்த மூஞ்சியோடவா வேலைக்குப் போறீய?" என்றாள் மனைவி.

"ஏட்டி, வீட்ல கெடந்தா வேலையே போயிரும்" என்றேன், பல்லைக் கடித்தபடி.

பொன்னுக்கு வீங்கிக்குப் பொன்தானே வைத்தியம்? மாமியார் தன் செயினைக் கழற்றி என் கழுத்தில் போட்டு, "பத்திரம் மாப்பிள்ளை" என்றார். என்னைச் சொல்லவில்லை, செயினைத்தான் சொன்னார்.

ப்ளோ ரூமில் ஒரு வசதி. பஞ்சுத் தூசிக்காக எல்லாருமே மூக்கு, வாய், கன்னம் மறையத் துண்டு கட்டியிருப்போம். என் வீக்கம் யார் கண்ணிலும் படவில்லை. உடம்பு நடுங்க நடுங்கப் பஞ்சை அள்ளிப் போட்டேன்.

மத்தியானம் கழுத்தைத் தடவினால் செயினைக் காணோம்! பஞ்சோடு மெஷினுக்குள் போயிருந்தால் தீப்பொறி கிளம்பும். அந்த அறையில் தீ என்றால் விளையாட்டா? மெஷினை நிறுத்தினால் குட்டு உடைந்து வேலை போகும். நிறுத்தாவிட்டால், கூட நிற்கிறவர்கள் கதி? ஓடிப்போய் சுவிட்சை அணைத்துவிட்டேன்.

மேனேஜர் பாய்ந்து வந்தார். விஷயத்தைச் சொல்லித் துண்டை அவிழ்த்தேன். இரண்டடி பின்னால் போனார்.

"ஏலே, முடியலைன்னா வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதான?"

"வாயத்தான் தொறக்க முடியலையே சார்!"

எல்லாருமாகப் பஞ்சைக் கிளறினார்கள். கடைசியில் செயின் என் பனியனுக்குள்ளேயே நழுவி, பெல்ட்டில் மாட்டிக்கொண்டு கிடந்தது.

"வீக்கம் வத்தின பொறவு வா" என்று அனுப்பிவிட்டார். பெர்மனன்ட் போச்சே என்று பஸ்ஸில் அழுதேவிட்டேன்.

வீக்கம் வற்றி வேலைக்குத் திரும்பியபின், சில வாரம் கழித்து ஒருநாள் ஆபீஸ் அறைக்குள் போனேன். மேனேஜர் மஃப்ளரால் முகத்தை மூடி உட்கார்ந்திருந்தார். சட்டைக் காலருக்குள் அவர் சம்சாரத்தின் செயின் மின்னியது.

"லீவு போடலையா சார்?"

"மொதலாளி என்ன சொல்லுவாரோன்னு பயமா இருக்குய்யா."

எனக்குப் பெர்மனன்ட் அடுத்த வருஷம் கிடைத்தது. ஆனால் என்னைத் துரத்திய பயமேதான் அவரையும் துரத்தியது என்று தெரிந்த அன்றிலிருந்து, காய்ச்சலோடு வேலைக்கு வருகிற யாரைப் பார்த்தாலும், "வீட்டுக்குப் போய்யா" என்று முதலில் சொல்கிறவன் நானாகத்தான் இருக்கிறேன்.