விடுபட்ட வரி

நாம்குங் ஓக்ரான் கொரியாவின் தேஜோன் நகரத்து ஆராய்ச்சிக்கூடத்தில் சேர்ந்து இருபத்தொரு வருஷம் ஆகிறது. விஞ்ஞானிகள் கொண்டுவந்து தரும் கணக்குகளைச் சூப்பர் கம்ப்யூட்டரில் ஓடவைப்பது அவள் வேலை. அந்தப் பெரிய யந்திரத்தின் பலமெல்லாம் அதில் ஆயிரக்கணக்கில் செருகியிருக்கும் கிராபிக்ஸ் அட்டைகளில்தான். அட்டை செய்யும் கம்பெனி மாறினால் அதற்கு நிரல் எழுதும் முறையும் மாறும். எட்டொன்பது வருஷத்துக்கு ஒருமுறை யந்திரம் மாறும்போது, பழைய நிரல்களைப் புது அட்டைக்கு ஏற்ப மாற்றி எழுத ஓக்ரானைத் தேடுவார்கள். மற்ற நாட்களில் அவளை யாரும் தேடுவதில்லை.

ஐம்பத்திரண்டு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கனடாவுக்குப் போன அண்ணன் புத்தாண்டுக்குப் போன் செய்வான். பேச்சுத்துணை என்று இருந்தது டாக்டர் பியோ மட்டும்தான். அவளைவிட எட்டு வயது சின்னவர். காற்றில் வரும் நுண்தூசி எந்தப் பள்ளத்தாக்கில் எவ்வளவு படியும் என்று ஆராய்பவர். அவருடைய நிரலை ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அட்டைகளுக்கு எழுதிக் கொடுத்தவள் ஓக்ரான். அன்றிலிருந்து தினமும் மதியம் இருவரும் ஒன்றாக நூடுல்ஸ் கடைக்குப் போவார்கள். கடை வாசலைத் தாண்டியதும் அவருக்கு அவள் அக்கா, அவளுக்கு அவர் தம்பி.

அந்த மார்ச்சில் வந்த புது யந்திரத்தில் வேறு கம்பெனி அட்டைகள். தூசிக் கணக்கை அதில் ஓட்டினால் விடை தாறுமாறாக வந்தது.

“புது அட்டைக்கு நம்ம ஊர் தூசி ஒத்துக்கல போல, அக்கா. மாஸ்க் மாட்டி விடுங்க” என்றார் பியோ, நூடுல்ஸ் கடையில்.

காரணம் சீக்கிரமே கிடைத்தது. பழைய அட்டை வேலையை முப்பத்திரண்டு முப்பத்திரண்டாகக் கூட்டம் பிரித்துச் செய்யும், புதியது அறுபத்துநாலாக. நிரலில் பதினோரு இடத்தில் ஓக்ரான் முப்பத்திரண்டு என்றே எழுதி வைத்திருந்தாள். எல்லாவற்றையும் திருத்தினாள். விடை சீரானது. ஆனால் மலையடிவாரப் பள்ளத்தாக்குகளில் மட்டும் பழைய விடையைவிட நூற்றுக்கு ஏழு குறைந்தே நின்றது.

மாதாந்தரக் கூட்டத்தில் இயக்குநர் பாங் எல்லார் முன்னாலும் கேட்டார்: “ஒன்பது வருஷமா சரியா வந்த விடை இப்ப மட்டும் எப்படிங்க மாறும்? மெஷினைக் குத்தம் சொல்றீங்களா, தூசியைக் குத்தம் சொல்றீங்களா?” சிலர் சிரித்தார்கள். பியோ சிரிக்கவில்லை. ஆனால் அவளுக்காக ஒரு வார்த்தை பேசவும் இல்லை.

இரண்டு மாதம் அதே வேலை. கடைசியில் ஒரே ஒரு பள்ளத்தாக்கை மட்டும் எடுத்து, அட்டையே இல்லாமல், அவசரமும் இல்லாமல், சாதாரண கம்ப்யூட்டரில் வரைபடத்தின் ஒவ்வொரு கட்டமாகக் கணக்குப் போட வைத்தாள். அது மூன்று நாள் ஓடியது. வந்த விடை புது அட்டை சொன்னதோடு அப்படியே பொருந்தியது.

அப்படியானால் பழையதுதான் தப்பு. ஓக்ரான் பழைய நிரலை வரிவரியாக வாசித்தாள். பள்ளத்தாக்குகளைக் கூட்டும் இடத்தில், எல்லாக் கட்டமும் எழுதி முடிக்கும்வரை காத்திரு என்று சொல்லும் வரியைக் காணோம். அது இல்லாமல், பக்கத்துக் கட்டம் முடிவதற்குள் அதிலிருந்த பழைய எண்ணை எடுத்துக் கூட்டிக்கொண்டிருந்தது நிரல். புது அட்டையில் அறுபத்துநாலு கட்டமும் ஒரே கூட்டமாக ஒன்றாகவே முடிந்ததால் அந்தத் தப்பு வரவில்லை. ஓட்டும்போதெல்லாம் ஏறக்குறைய ஒரே தப்பு வந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கோப்பின் மேலே எழுதியவர் பெயர் இருந்தது. அவள் பெயர்தான்.

மறுநாள் நூடுல்ஸ் வந்தபிறகு பியோவிடம் சொன்னாள். அவர் குச்சிகளைக் கீழே வைத்தார்.

“பழைய விடையை வச்சு எழுதின கட்டுரையாலதான் இந்த வருஷம் என்னோட பதவி உயர்வு போகுதுக்கா.”

“தெரியும்.”

“பழைய விடைக்கே ஒத்து வர்ற மாதிரி எழுத முடியாதா?”

“முடியும், தம்பி. ஆனா எழுத மாட்டேன்.”

“அந்த வரியை விட்டது யாரு?”

“நான்தான். என் பேரைப் போட்டே பத்திரிகைக்குத் திருத்தம் அனுப்பு.”

அவர் நூடுல்ஸுக்குக் காசை எடுத்து மேஜைமேல் வைத்தார். பிறகு சாப்பிடாமலே எழுந்து போனார்.

ஜூனில் திருத்தம் வெளியானது. கட்டுரையின் முக்கிய முடிவு மாறாமல் நின்றது. வரைபடத்தில் அடர்சிவப்பாக இருந்த மூன்று பள்ளத்தாக்குகள் மட்டும் வெளிறின. பதவி உயர்வு அந்த வருஷம் வேறொருவருக்குப் போனது. பியோ அவளைத் திட்டவில்லை, கோபமாக ஒரு பார்வைகூட இல்லை. வராந்தாவில் எதிர்ப்பட்டால் குனிந்து வணங்கி, குடும்பப் பெயரால் “நாம்குங் மேடம்” என்பார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. மதியம் நூடுல்ஸ் கடைக்குப் போவதை விட்டாள். வீட்டிலிருந்து சோறு கட்டிவந்து, அட்டைகளின் இரைச்சல் கேட்கும் பக்கத்து அறையில் தனியாகச் சாப்பிட்டாள்.

அக்டோபரில் மோக்போ துறைமுகத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. முன்பின் தெரியாத ஒரு பெண், கடல் நீரோட்டக் கணக்குப் போடுபவள். ‘உங்கள் திருத்தத்தைப் படித்துவிட்டு எங்கள் நிரலைப் பார்த்தோம். அதே வரி எங்களிடமும் இல்லை’ என்று எழுதியிருந்தாள். ஓக்ரான் அதை மூன்று முறை வாசித்தாள். உடனே எழுந்து பியோவின் அறை வரைக்கும் போனாள். கதவு திறந்திருந்தது. அவர் போனில் யாரோடோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். இவளைக் கண்டதும் சிரிப்பை நிறுத்தித் தலை வணங்கினார். இவளும் வணங்கிவிட்டு, வேறெங்கோ போகிறவள்போல அப்படியே நடந்தாள்.

சனிக்கிழமை சாயங்காலம் யூசோங்கில் ஊரார் கால் நனைக்கும் வெந்நீர் ஊற்றுத் தொட்டிக்குப் போய், பேன்ட்டை மடித்துவிட்டுக் காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பக்கத்தில் கீரைக்கட்டோடு ஒரு பெண் வந்து உட்கார்ந்து, “என்னம்மா, வேலை ஜாஸ்தியா? முகம் வாடியிருக்கே?” என்றாள்.

“ஒரு வரி எழுத மறந்துட்டேங்க. ஒன்பது வருஷம் கழிச்சு நானே கண்டுபிடிச்சேன்.”

“இவ்வளவுதானா? நான் போன வாரம் அடுப்பை அணைக்க மறந்துட்டு சந்தைக்கே போயிட்டேன்!”

ஓக்ரானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடுப்பு என்ன ஆயிற்று என்று கேட்டாள். அந்தப் பெண் விஸ்தாரமாகச் சொன்னாள். சொல்லி முடித்துக் காலைத் துடைத்து, சாக்ஸ் மாட்டிக்கொண்டு, “வரட்டுமா?” என்று எழுந்து போனாள். ஓக்ரான் காலை வெளியே எடுக்கவில்லை. வீட்டுக்குப் போக அவசரம் எதுவும் இல்லை.