ரோஸ் கலர் கோயில்

நேற்று கைபேசியில் ஒரு படம் வந்தது. அனுப்பியவர் என் தங்கை மாப்பிள்ளை. ஓய்வுபெற்ற நாளிலிருந்து உலகத்துக்கு நல்லது செய்கிற பொறுப்பை அவர்தான் ஏற்றிருக்கிறார். ‘நெல்லைக் கடலோரத்தில் அவசியம் பார்க்க வேண்டிய பழமையான தேவாலயங்கள்’ என்று தலைப்பு. அதில் ஒரு கோயிலுக்குக் கண்ணாடி பதித்த முகப்பு, படியில் எவர்சில்வர் கைப்பிடி, உச்சியில் சிவப்பு எழுத்தில் ஓடுகிற கடிகாரம். பழமையாம்! என் வீட்டு பிரிட்ஜுக்கு அதைவிட வயது அதிகம்.

ஊர்ப்பெயரைப் படித்ததும் எனக்கு எனாமல் பெயின்ட் வாடை அடித்தது. ஏன் என்று சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் பாளையங்கோட்டை ஸ்டுடியோ ஒன்றில் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தேன். கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் சைஸ். அதற்கே என்னைக் கலைஞன் என்று நினைத்துக்கொண்டு ஜோல்னாப் பை மாட்டித் திரிந்த காலம். காலண்டர் போடுகிற முதலாளி ஒருவர், மாதத்துக்கு ஒன்றாகப் பழைய வேதக்கோயில்கள் வேண்டும் என்று வந்தார். எங்கள் பக்கம் சர்ச்சுக்கு அதுதான் பெயர். எங்கள் வீடு திருநீறு பூசுகிற வீடு. “வேதக்கோயிலப் படம் புடிக்கவாலே உன்னைய காலேசுக்கு அனுப்புனேன்?” என்றார் அப்பா. நெல்லையப்பர் கோயிலை எடுத்திருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பார். அவருக்கு வேண்டியது கலெக்டர் ஆபீஸ் வேலை.

ஸ்ரீவைகுண்டம் தாண்டி, வாழை முடிந்து பனையும் செம்மணலும் தொடங்குகிற பக்கமெல்லாம் பஸ்ஸில் அலைந்தேன். ஒரு ஊரில் அழகான முன்வாசலை மறைத்துத் தகரக் கொட்டகை. இன்னொரு ஊரில் மின்விசிறியின் இறக்கைக்கு இறக்கை உபயதாரர் பெயர். ஓடினால் படிக்க முடியாதென்று அதை நிறுத்தியே வைத்திருந்தார்கள். வேர்த்து விறுவிறுத்துக்கொண்டு சபையார் ஜெபம் செய்தார்கள்.

சாத்தான்குளம் பக்கத்தில், நேற்றுப் படத்தில் வந்த அதே ஊரில் இருந்த கோயில்தான் தப்பிப் பிழைத்திருந்தது. சுண்ணாம்புச் சுவர், பனங்கைக் கூரை, காரை பூசிய பருத்த தூண்கள். பெஞ்சு கிடையாது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் பாயில்தான் உட்கார வேண்டும். மத்தியானம் நான் நுழைந்தபோது பெண்கள் பக்கத்துத் தூணோரம் ஒரு அம்மா மட்டும் இருந்தார். அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்து டீச்சர். தூணின் அடியில் ஒரு விரலை வைத்துப் பைய நகர்த்திக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். ஆணியால் கீறிய எழுத்து. ‘சாமு’.

“எம் மவன் கிறுக்குனது தம்பி. சாமுவேலுன்னு எழுத வந்தான். பிரசங்கத்துல கவனம் இல்லன்னு நான்தான் காதைத் திருகி நிறுத்துனேன். முழுசா எழுத விட்டிருக்கலாம்.”

அந்த வருஷமே, ஸ்ரீவைகுண்டத்தில் உறவுக்காரர் வீட்டுக்குப் போன இடத்தில், அவனை ஆறு கொண்டுபோய்விட்டது. வருஷாவருஷம் வெள்ளையடிக்கும்போது அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு அடிக்கச் சொல்வாராம் டீச்சர். அவருக்காக அவ்வளவு காலமும் அப்படியே விட்டிருந்தார்கள்.

அன்றைக்கு வானம் மூடியிருந்தது; எடுத்த ஒரு படமும் மங்கலாகத்தான் வரும். வெளிச்சம் வரட்டும், இன்னொரு நாள் வருகிறேன் என்று கமிட்டிச் செயலாளரிடம் சொல்லிவிட்டு வந்தேன். பம்பாயில் கடை வைத்திருந்து ஊர் திரும்பியவர் அவர். காலண்டர் என்ற சொல் அவர் காதில் விழுந்ததுதான் தாமதம், வேலை தொடங்கிவிட்டது.

திரும்பப் போனபோது பஸ்ஸைவிட்டு இறங்கியதும் வாடை வந்தது. கோயிலுக்கு ரோஸ் கலர். ஜன்னலுக்குப் பச்சை. பழைய கோயில் என்பதற்காகப் படம் எடுக்க வருகிறவனுக்காக அதைப் புதுசாக்கி வைத்திருந்தார்கள்! உள்ளே தூண்களுக்கு இடுப்பளவு டைல்ஸ், குளியலறைக்கு ஒட்டுவார்களே, அந்த நீலப்பூப் போட்டது. எல்லாத் தூணும் முடிந்து ஒரு தூண்தான் பாக்கி. அதை அணைத்தபடி டீச்சர் உட்கார்ந்திருந்தார். கொத்தனார் கரண்டியோடு நின்றார்.

“டீச்சர், எந்திரிங்க. கலவை காயுதுல்லா,” என்றார் செயலாளர்.

“நான் எந்திக்க மாட்டேன். வேணும்னா என்னையும் சேத்து ஒட்டிருங்க.”

செயலாளர் என் பக்கம் திரும்பினார். “நீங்க சொல்லுங்க சார். ஊரே பாக்கப்போவுது, அழகா இருக்காண்டாமா?”

எனக்கு ஆத்திரமாக வந்தது. அவரிடம் காட்ட தைரியமில்லாமல் டீச்சரிடம் போய், அந்த எழுத்தைப் படம் எடுத்துப் பெரிதாகப் போட்டுத் தருகிறேன் என்றேன். கலைஞனுக்கு வேறென்ன தோன்றும்?

டீச்சர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “போட்டோவுல தடவிப் பாக்க முடியுமா தம்பி?”

கடைசியில் கொத்தனார்தான் அடிப்பக்கம் ஒரு கையகலம் விட்டுவிட்டு மற்றதை ஒட்டினார். அது படத்தில் தெரியக்கூடாதென்று செயலாளர் அதன் முன்னால் குரோட்டன்ஸ் தொட்டி ஒன்றை நகர்த்தி வைத்தார். டீச்சர் தொட்டிக்குப் பின்னால் கையை நுழைத்துக்கொண்டார்.

முதல் நடையில் எடுத்த மங்கலான வெள்ளைக் கோயிலையும் ரோஸ் கோயிலையும் காலண்டர் முதலாளி முன் வைத்தேன். “இதுதாம்வே எடுப்பா இருக்கு,” என்று ரோஸைத் தூக்கி மே மாதத்துக்குப் போட்டார். அதற்கப்புறம் பக்கத்து ஊர்க் கோயில்களும் ஒவ்வொன்றாக ரோஸாகின.

தங்கை மாப்பிள்ளையின் கட்டளையை மீறலாமா? இன்று காலையிலேயே கிளம்பிப் போய்ப் பார்த்துவிட்டேன். ரோஸையும் இடித்துவிட்டு எழுப்பிய மாளிகை அது. பழைய செயலாளரின் மகன்தான் இப்போது செயலாளர். அந்த ஊரில் அதுவும் பரம்பரை. தூண்களை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.

“நொறுக்கி அஸ்திவாரத்துல போட்டாச்சு சார். ஒண்ணையும் வீணாக்கல,” என்றார் பெருமையாக.

“டீச்சர்?”

“அவங்க போய்ச் சேந்து ரொம்ப நாளாச்சே. இங்க மொத வரிசையில மெத்தை வச்ச நாக்காலியே போட்டுக் கொடுத்தோம். உக்காரவே இல்ல. கீழதான் உக்காருவாங்க. அந்தா, அங்கன. சும்மா செவுத்தையே தடவிக்கிட்டு இருப்பாங்க.”

அவர் காட்டிய இடத்தில் குனிந்து நானும் தடவிப் பார்த்தேன். நல்ல உயர்ந்த ரக டைல்ஸ். கை எங்கேயும் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போனது.