ஒரு கரண்டி மாவு

ஆரஞ்சுச் சுளைமேல் ஒட்டியிருக்கும் வெள்ளை நாரை முனகாட்டா யசுஜி நகத்தால் கிள்ளி எடுத்துக்கொண்டிருக்கிறார். தோலை உரித்த கையோடு வாயில் போட்டுக்கொள்கிற ஆள் அல்ல. ஒரு நார்கூட மிஞ்சாமல், சுளை பளிங்கு போல ஆகும்வரை உட்கார்ந்து உரிப்பார். இடது கையில் சுண்டுவிரல் இல்லை, பழம் நழுவும். பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி பிடிப்பார். சுளைகளைத் தட்டில் வட்டமாக அடுக்கி, சக்கர நாற்காலியில் இருக்கும் பெரியவர் அமெமியாவின் முன்னால் வைத்து, "அப்பா, சாப்பிடுங்க" என்று தலை தாழ்த்துவார்.

பெரியவரால் அதைச் சாப்பிட முடியாது. பக்கவாதம் வந்ததிலிருந்து தொண்டை சொன்னபடி கேட்பதில்லை. நீர்த்த எதுவும் வயிற்றுக்குப் போகாமல் நுரையீரலுக்குப் போய்விடும். பராமரிப்புக்கு வரும் தோகியே என்ற பெண் இதைப் பலமுறை சொல்லிவிட்டாள். "அப்படியாக்கா" என்று கேட்டுக்கொண்டு அத்தனை சுளையையும் யசுஜியே தின்றுவிட்டு வெறும் தட்டை வாசல் பக்கம் நீட்டுவார். வாசலில் நிற்கும் அடியாட்கள், "பெத்த பிள்ளைகூட இப்படிச் செய்யாதுடா" என்று பேசிக்கொள்வார்கள். அந்தப் பேச்சுக்காகத்தான் அந்தப் பழம்.

அப்பா என்றால் பெற்ற அப்பா இல்லை. ஒரே கோப்பையில் மது பகிர்ந்து அப்பா, அண்ணன், தம்பி என்று ஆனவர்கள் இவர்கள். கியூஷு தீவின் இந்த வடக்குத் துறைமுகத்தில் அமெமியா குடும்பம் என்றால் கடைக்காரர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். மதுக்கடைகளில் வாடிக்கையாளர் கை துடைக்கத் தரும் ஈரத் துண்டுகளை இவர்களிடம்தான் வாங்க வேண்டும். மதுக்கடை நடத்தும் கினுயே என்ற பெண் தானே துவைத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டாள். "எங்க துண்டு வாங்கினா கடை மணக்கும்மா" என்று யசுஜி சிரித்துவிட்டுப் போனார். அடுத்த நாள் காலை அவள் கடைக்குள் மலக்குழிக் கழிவு முழங்கால் உயரத்துக்கு நின்றது. மதியம் வந்து வாசலில் நின்று, "இப்ப மணக்குதா?" என்று கேட்டார். துண்டு வாங்கும்படி அப்போது அவர் சொல்லவில்லை. அவளே கேட்டாள்.

மற்றபடி ஒழுங்கானவர். கழற்றிய செருப்பை வாசல் பார்க்கத் திருப்பி வைப்பார். சோற்றில் ஒரு பருக்கை விடமாட்டார். காரின் கதவில் ஒரு குண்டு துளைத்த ஓட்டை இருக்கிறது. அதை அடைக்காமல் குழந்தைகள் ஒட்டும் பூப்படம் ஒன்றை மேலே ஒட்டி வைத்திருக்கிறார். சுட்டது கோப்பை உறவில் குடும்பத்தின் மூத்த பிள்ளையான சக்குமாவின் ஆள். அதற்கு முன்னால் சக்குமாவின் அலுவலக முகப்பில் மண் லாரியை ஏற்றியது யசுஜி. இருவருக்கும் வேண்டியது பெரியவரின் இருக்கை. பெரியவர் கோப்பை கொடுக்காமல் கண்ணை மூடினால் மூத்தவன் என்ற முறையில் அது சக்குமாவுக்குப் போகும். உயிரோடு இருக்கும்போதே, எதிர்க் குடும்பத்தின் தலைவர் உட்சுகி சாட்சியாக இருக்க, பெரியவர் குடித்த கோப்பையின் மிச்சத்தை யார் குடிக்கிறாரோ அவர்தான் அடுத்த தலைவர். கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் உட்சுகி ஒப்புக்கொண்டால் மற்ற குடும்பங்கள் வாய் திறக்காது.

யசுஜி நாள் குறித்தார். தோகியே குறுக்கே நின்றாள்.

"கொடுக்கவே கூடாதுன்னு சொல்லலை. ஒரு கரண்டி மாவு கலந்து தேன் பதத்துக்குக் கெட்டியாக்கித் தரேன். தினம் டீயை அப்படித்தான் குடிக்கிறாரு. மதுவும் இறங்கும்."

"கோப்பையைச் சாய்ச்சா சொட்டாம நிக்குமேக்கா."

"நிக்கட்டும்."

"உனக்குப் புரியாது. எதிர்ல உட்சுகி உட்கார்ந்திருப்பாரு. கூழு குடிச்சுத் தலைவனானவன்னு ஊரெல்லாம் சிரிப்பானுங்க. சக்குமா அதுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்கான்."

"சிரிச்சா சிரிப்போட போகும். நுரையீரல்ல இறங்கினா ஆளே போயிடுவாரு. டாக்டரும் இதையேதான் சொன்னாரு."

"டாக்டர் பயந்த சுபாவம். இப்ப இன்னும் கொஞ்சம் பயந்திருக்காரு." யசுஜி ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டார். "ஒரு வாய்தானே. அப்பா ஒரு காலத்துல பீப்பாயைக் காலி பண்ணினவரு."

"அந்தத் தொண்டை இப்ப இல்லை."

"நீ நல்லா பார்த்துக்கறேக்கா. அதுல எனக்குக் குறையே இல்லை" என்று எழுந்து போய்விட்டார்.

சடங்கு நடக்கும் கூடத்தில் பெண்களுக்கு இடமில்லை. கபம் உறிஞ்சும் கருவியை மடியில் வைத்துக்கொண்டு தோகியே நடையில், கதவு இடுக்குக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். பெரியவரின் கழுத்தடியில் அவள் சுற்றியிருந்த துண்டை, அங்கியிலுள்ள குடும்பச் சின்னம் மறைகிறது என்று அவிழ்த்துவிட்டார்கள். சக்கரம் தெரியாமல் நாற்காலிக்கு வெள்ளைத் துணி போர்த்தியிருந்தது. ஒரு பக்கம் உட்சுகி, இன்னொரு பக்கம் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு சக்குமா.

கோப்பை வந்தது. பெரியவர் உதட்டை இறுக மூடிக்கொண்டார். சக்குமா நிமிர்ந்து பார்த்தான்.

யசுஜி மண்டியிட்டு, கோப்பையின் விளிம்பால் பெரியவரின் கீழுதட்டை மெல்ல இரண்டு முறை தட்டினார்.

அது தோகியே தட்டும் விதம். ஒவ்வொரு வேளையும் கரண்டியால் அப்படித் தட்டித்தான் அவள் ஊட்டுவாள். தட்டினால் திறக்கலாம், பயமில்லை என்று அந்த வாயைப் பழக்க அவளுக்கு ஒரு குளிர்காலம் முழுக்கப் பிடித்தது. பழம் உரித்துக்கொண்டே யசுஜி பார்த்துக்கொண்டிருந்தார். ஊட்டக் கற்றுக்கொள்கிறார் போல என்று அவள் ஒருநாள் நினைத்ததும் உண்டு.

பெரியவர் வாயைத் திறந்தார். யசுஜி மதுவைச் சாய்த்தார். தாடையைத் தாழ்த்திப் பிடிக்க வேண்டும். யசுஜி விரலை அடியில் கொடுத்து மேலே தூக்கினார். தொண்டை ஏறி இறங்கியது. மிச்சத்தைத் தான் குடித்தார். கோப்பையைத் தாளில் சுற்றி மார்புக்குள் செருகிக்கொண்டார். பிறகு இருக்கை மாற்றம். அடியாள் ஒருவன் பெரியவரின் நாற்காலியைத் தள்ளிக் கீழ்வரிசையில் விட்டான். புதுத் தலைவர் மேலே உட்கார்ந்தார். எல்லோரும் ஒரே குரலில் வாழ்த்தியபோது பெரியவர் இருமத் தொடங்கியிருந்தார். வாழ்த்து அடங்கிய பிறகுதான் அது மற்றவர்களுக்குக் கேட்டது.

தோகியே யாரையும் கேட்காமல் உள்ளே போனாள். அவரை முன்னால் சாய்த்து, முதுகைத் தாங்கி, வந்ததை உறிஞ்சி எடுத்தாள். அவர் ஏதோ சொன்னார். தண்ணீருக்குள்ளிருந்து பேசுவது போலக் கொழகொழவென்று வந்தது குரல். அந்தக் குரல் எதைக் குறிக்கிறது என்று அவளுக்குத் தெரியும். ஆம்புலன்ஸுக்குச் சொன்னாள். விருந்தாளிகள் இருக்கிறார்கள், பின்வாசலுக்கு வரச் சொல் என்றான் ஒரு அடியாள்.

வண்டி வருவதற்குள், நடையில் பெரியவரைப் பிடித்துக்கொண்டு அவள் நின்றிருந்தபோது, விருந்திலிருந்து உட்சுகி கையில் டீக்கோப்பையோடு மெல்ல நடந்து வந்தார்.

"அம்மா, தப்பா நினைக்காதீங்க. அந்த மாவு உங்ககிட்ட இருக்குமா? என் பையன் எடுத்துட்டு வர மறந்துட்டான். ஒரு கரண்டி போடலைன்னா எனக்கு டீ இறங்காது."

தோகியே பையிலிருந்து டப்பாவை எடுத்தாள். ஒரு கரண்டி போட்டுக் கலக்கினாள். விருந்தாளியைத் தேடிக்கொண்டு யசுஜி வந்து நின்றது அப்போதுதான்.

"பாருங்க யசுஜி ஐயா, கூழு" என்றாள், கலக்குவதை நிறுத்தாமல்.

"கூழா?" உட்சுகி சிரித்தார். "எங்க வீட்டுப் பெரிய ஆளுங்கள்ல பாதிப் பேரு இதைத்தான் குடிக்கிறாங்க. நானே இதைப் போட்டுத்தான் போன மாசம் ஒருத்தனுக்குக் கோப்பை கொடுத்தேன். ஏன், என்ன விஷயம்?"

தோகியே யசுஜியைப் பார்த்தாள். பெரியவரின் மூச்சு நடை முழுக்கக் கேட்டது. யசுஜி உட்சுகிக்கு நன்றாகக் குனிந்து வணங்கி, "மீன் ஆறுது, உள்ளே வாங்க" என்றார்.

நிமோனியாதான். மருத்துவமனையில் பெரியவர் இன்னும் பிராணவாயுக் குழாயோடு கிடக்கிறார், கண் திறப்பதில்லை. தோகியே வேலை நேரம் முடிந்ததும் போய் அவர் வாயை ஈரப் பஞ்சால் துடைத்துவிட்டு வருகிறாள். அதற்கு யாரும் அவளை அனுப்பவில்லை. நேற்று அவள் துடைத்துக்கொண்டிருந்தபோது யசுஜி வந்தார். பின்னால் இப்போது நாலு பேர். கையில் பழப்பை. நர்ஸ் வாசலிலேயே நிறுத்தினாள்.

"சொந்தக்காரங்க மட்டும்தான் உள்ளே. நீங்க அவருக்கு என்ன வேணும்?"

"மகன்" என்றார் யசுஜி.

சொல்லும்போது கட்டிலைப் பார்க்கவில்லை. சுண்டுவிரல் இல்லாத கை மார்புக்குள் போய், கோப்பை பத்திரமாக இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டது.