வெள்ளைத் துணிக்கு வெளியே என் பாதங்கள்

மூன்று வருடங்களுக்கு முன்பு, மலேசியாவின் ஈப்போவில் ஒரு கல்லூரியில் குற்றவியல் படித்துக்கொண்டிருந்தபோது நடந்தது இது. சிம்பாங் பூலாய் பக்கம் ஒரு பழைய ரப்பர் தோட்டம். ரப்பர் போய், பாமாயில் எடுக்கும் செம்பனை வந்துவிட்டது; தொழிலாளர்கள் குடியிருந்த சில லயத்து வீடுகள் மட்டும் கதவில்லாமல் நிற்கின்றன. குற்றம் நடந்த இடத்தை ஆராயும் செய்முறைத் தேர்வுக்கு எங்கள் சார் அதில் ஒன்றைப் பிடித்திருந்தார். அவர் போலீஸில் இருந்து ஓய்வு பெற்று, பாடம் நடத்த வந்தவர். தோட்ட நிர்வாகத்துக்கும் போலீஸுக்கும் முன்கூட்டியே கடிதம் கொடுத்து எல்லாம் ஒழுங்காகத்தான் செய்திருந்தார்.

பிணமாக நடிக்க ஆள் வேண்டும் என்றதும் முந்திரிக்கொட்டை மாதிரி நான் கை தூக்கினேன்.

"அசையக் கூடாதும்மா. என்ன நடந்தாலும் அசையக் கூடாது. ஒனக்கு மார்க்கே அதுக்குத்தான்" என்றார் சார்.

காலை பதினொரு மணி இருக்கும். தூசி படிந்த சிமெண்டுத் தரையில் மல்லாந்து படுத்தேன். தலையிலிருந்து கணுக்கால் வரை வெள்ளைத் துணி. பாதங்கள் மட்டும் வெளியே. வாசலில் மஞ்சள் நாடாவைக் கட்டிவிட்டு, விளக்கம் கேட்க எல்லாரும் ரோட்டோரம் நின்ற வேனுக்குப் போய்விட்டார்கள். கூரையில் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அந்தச் சத்தமும் நின்றுவிட்டது.

அப்போது யாரோ உள்ளே வந்தார்கள். காலடிச் சத்தமே இல்லை. மூச்சு மட்டும் கேட்டது, ஓடி வந்தவர்களின் மூச்சு. அது என் கால்மாட்டில் வந்து நின்றது. சட்டென்று ஒரு ஈரக் கை என் இடது பாதத்தைப் பிடித்தது. விரல் விரலாகத் தடவிக்கொண்டே போய்ச் சுண்டுவிரலில் நின்றது. அழுத்திப் பார்த்தது. விட்டது. மறுபடியும் அழுத்தியது.

கத்திவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. ஆனால், என்னைச் சோதிக்க சார்தான் யாரையோ அனுப்பியிருக்கிறார் என்று ஒரு நினைப்பு. நான்தான் பெரிய கெட்டிக்காரி ஆயிற்றே! பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன்.

"இல்ல" என்றது ஒரு பெண் குரல், ரொம்ப மெதுவாக. பிறகு துணியை இழுத்து என் பாதங்களை மூடிவிட்டு, வந்த மாதிரியே சத்தமில்லாமல் போய்விட்டது.

கொஞ்ச நேரத்தில் கூட வந்தவர்கள் உள்ளே நுழைந்தார்கள். "சார், வெறுங்கால் தடம்! பிணம் வரைக்கும் வந்து திரும்பிப் போயிருக்கு" என்று ஒருத்தி உற்சாகமாகக் கத்தினாள். அளவுகோல் வைத்துப் படம் எடுக்கவும் தொடங்கிவிட்டார்கள். சார் குனிந்து பார்த்தார்.

"இது நான் வச்சது இல்லலா. நான் வச்சது சப்பாத்து போட்ட கால் தடம் மட்டும்தான்."

நான் எழுந்து உட்கார்ந்தேன். நடந்ததைச் சொன்னேன்.

வாசலுக்கு வெளியே, செம்மண்ணில் செருப்புத் தடம் இருந்தது. வந்தவர் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்திருக்கிறார். அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டே செம்பனைகளுக்கு நடுவே நடந்தோம். பின்னால் இன்னொரு லயம். கொடியில் துணி காய்ந்தது. ஆளே இல்லை என்று நாங்கள் நினைத்த தோட்டத்தில் மூன்று குடும்பங்கள் இருந்தன. அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

படியில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். தெலுக் இந்தானுக்கு வேலைக்குப் போன அவருடைய மகள், ஏழு வருடமாக வீடு திரும்பவில்லையாம். நாடாவையும் வெள்ளைத் துணியையும் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர், ஒரு பெண்ணின் பிணம் கிடக்கிறது என்று வந்து சொல்லியிருக்கிறார். துவைத்துக்கொண்டிருந்த துணியை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறார் இவர்.

"மொகத்தத் தொறந்து பாக்க தைரியம் வரல சார். எம்புள்ளைக்கு எடது கால் சுண்டுவெரலு பக்கத்து வெரல் மேல ஏறியிருக்கும். அதான் காலப் பாத்தேன்."

"மன்னிச்சிருங்கக்கா. இது பரீட்சைக்கு செஞ்சது. இந்தப் பிள்ளதான் அங்க படுத்திருந்துச்சு" என்றார் சார். அவர் குரல் உடைந்து நான் கேட்டது அன்றுதான்.

அந்த அம்மா என்னைப் பார்த்தார். அறை விழும் என்று நினைத்தேன். விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவரோ என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ உசுரோடதான் இருக்கியா? கால் சூடா இருந்துச்சும்மா. இப்பத்தான் உசுரு போயிருக்கு, நான் கொஞ்சம் முன்னாடி வந்திருக்கக் கூடாதான்னு அழுதுகிட்டே வந்தேன்."

"மன்னிச்சிருங்க ஆன்ட்டி" என்றேன். அழுதேன்.

அவர் சொன்ன அந்த "இல்ல"வில் இருந்தது நிம்மதியா, ஏமாற்றமா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. இப்போது ஜூனியர்களின் பயிற்சிக்கு உதவியாகப் போகிறேன். போனதும் முதல் வேலையாக அக்கம்பக்கத்து வீடுகளின் கதவைத் தட்டி விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அன்றைய தேர்வில் எனக்கு முழு மதிப்பெண். ஒரு தாய் என் காலைப் பிடித்துக்கொண்டு தவித்தபோது அசையாமல் கிடந்ததற்குக் கிடைத்த அந்த மதிப்பெண்ணை நான் இதுவரை யாரிடமும் பெருமையாகச் சொன்னதில்லை.